பனி மூடும் பின்வளவில் ஒரு குளம்: முதல் குளிர்காலத்துக்கான வழிகாட்டி

மார்ச் மாதக் கடைசியில் பனிக்கட்டி குளத்தின் விளிம்பை விட்டு விலகியபோது முதலில் எழுந்தது கூழ்முட்டை நாற்றம். மீன்கள் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டன. ஒன்பது தங்கமீன்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உடலில் காயம் எதுவும் இல்லை, செம்மஞ்சள் நிறம்கூட மங்கவில்லை. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கி, பின்வளவில் ஆசையாகக் குளம் வெட்டிய முதல் ஆண்டு அது. அந்தக் குளிர்காலம் முழுவதும் குளிரை நினைத்தே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மீன்களைக் கொன்றதோ அக்டோபரில் நான் வாராமல் விட்ட மேப்பிள் சருகு. அது அடியில் கிடந்து அழுகியது. மேலே பனிக்கட்டி ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் மூடிக்கொண்டது. அழுகலில் கிளம்பிய வாயு போக வழியில்லாமல் தண்ணீருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட குளிர்காலங்களை என் குளம் கடந்திருக்கிறது. ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிதாகக் குளம் அமைத்தவர்கள் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் என்னிடம் கேட்பதை ஒழுங்காக எழுதிவைக்கவே இந்தக் கட்டுரை. எட்டோ பத்தோ தங்கமீன், ஓரிரு அல்லிச் செடி, சிறு அருவி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குளம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாகை என்று வருமிடமெல்லாம் செல்சியஸ்.

தண்ணீரின் ஓர் இயல்பை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 பாகையில். அதைவிடக் குளிர்ந்தால் மறுபடியும் இலேசாகி மேலே வந்துவிடும். அதனால்தான் குளம் மேலிருந்து கீழாக உறைகிறது. வெளியே கழித்தல் 20 பாகை அடிக்கும் இரவிலும், போதிய ஆழமுள்ள குளத்தின் அடியில் ஏறக்குறைய 4 பாகையில் ஒரு படுக்கை கலையாமல் இருக்கும். மீன்கள் அங்கே அசையாமல் கிடக்கும். இதயம் மெதுவாகத் துடிக்கும், செவுள் எப்போதாவது ஒருமுறை திறந்து மூடும். அந்தப் படுக்கையைக் கலைக்காமல் விடுவதும், வாயு வெளியேற மேலே ஒரு துளை வைத்திருப்பதும்தான் குளிர்கால வேலை. பாடு முழுவதும் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் இருக்கிறது.

முதலில் ஆழம்

ஒரு நீளக் கழியைக் குளத்தின் ஆழமான இடத்தில் நேராக இறக்கி, நனைந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். குழி வெட்டிய நாளில் இருந்த ஆழத்தை நம்ப வேண்டாம். சேறும் கூழாங்கல்லும் அதில் அரை அடியைத் தின்றிருக்கும்.

3 அடிக்கு மேல் இருந்தால் தங்கமீன்கள் வெளியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கலாம். 2 அடிக்கும் 3 அடிக்கும் இடையில் என்றால் துளையைக் காப்பதில் ஒரு நாளும் தவறக் கூடாது. 2 அடிக்குக் குறைவான குளத்தில் மீனை விட்டுவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோய் என்னும் பெரிய அலங்காரக் கெண்டை மீன் வளர்ப்பவர்களுக்கு 4 அடியாவது வேண்டும்.

ஒன்ராறியோவில் வீட்டு அத்திவாரத்தை 4 அடி ஆழத்துக்கு இறக்குவதைப் பார்த்துவிட்டு, குளமும் அதுவரை உறைந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். மண் உறைவது போலத் தண்ணீர் உறைவதில்லை. பனிக்கட்டி ஆவதற்குத் தண்ணீர் ஏராளமான வெப்பத்தை இழந்தாக வேண்டும். மேலே ஒரு தட்டு உறைந்து, அதன்மேல் வெண்பனியும் விழுந்துவிட்டால் அவையே போர்வையாகிவிடும். என் குளத்தில் மிகக் கடுமையான ஆண்டில் நான் அளந்த பனிக்கட்டியின் தடிப்பு ஓர் அடிக்குச் சற்றுக் கூட. மூன்றடிக் குளத்தில் அதற்குக் கீழே இரண்டடித் தண்ணீர் மிஞ்சும்.

ஆழத்தோடு கொள்ளளவையும் கணக்கிட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீற்றரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 0.9 மீற்றர் ஆழம் என்றால் 5400 லீற்றர். பக்கங்கள் சரிவாக இருந்தால் நாலில் ஒரு பங்கைக் கழித்து 4000 என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து ஊற்றும்போதெல்லாம் இந்த எண் தேவைப்படும்.

ஆழம் போதாதவர்களுக்கு

மீனை உள்ளே கொண்டுவருவது ஒன்றும் தோல்வி இல்லை. ஒன்ராறியோவின் புறநகர் வீடுகள் பலவற்றில் முன்வாசல் திண்ணைக்குக் கீழே, நிலவறையை ஒட்டி, சூடேற்றாத சிறு அறை ஒன்று இருக்கும். நம்மவர்கள் அரிசி மூட்டையும் மிளகாய்த்தூளும் அடுக்கிவைக்கும் குளிரறை. தங்கமீனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வீட்டில் இல்லை. அங்கே குளிர்காலத்தில் உறையாத குளிர் நிலவுவதால் மீன் அரைத் தூக்கத்திலேயே இருக்கும். தீனியும் அதிகம் கேட்காது.

நூறு லீற்றருக்குக் குறையாத பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, ஒரு சிறு வடிகட்டி, மேலே கட்ட வலை, இவ்வளவும் போதும். மீன் துள்ளும் என்பதால் வலையை மறக்க வேண்டாம். தொட்டியைக் குளத்துத் தண்ணீராலேயே நிரப்புங்கள். குளம் 10 பாகைக்கு இறங்கும் நாள்களில் மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சி குறைவு. டிசம்பரில் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து பிடித்துச் சூடான வீட்டுக்குள் கொண்டுவருவது மீனைக் கொல்லும் வழி.

உருண்டு திரண்ட உடலும் விசிறி வாலும் உள்ள அலங்காரத் தங்கமீன்களையும், கண் பிதுங்கிய இனங்களையும் ஆழம் எவ்வளவு இருந்தாலும் உள்ளே எடுத்துவிடுங்கள். வெளியே தாக்குப்பிடிப்பவை நீண்ட உடலுள்ள சாதாரணத் தங்கமீனும் கொமெற், சுபுங்கின் போன்றவையும்தான்.

மீன் பெருகிவிட்டது, உள்ளே இடமில்லை என்றால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், அல்லது வளர்ப்பு மீன் விற்கும் கடையில் கேளுங்கள். ஆற்றிலோ தெருமுனை மழைநீர்க் குளத்திலோ விடவே கூடாது. உரிமம் இல்லாமல் நீர்நிலையில் மீன் விடுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். ஹமில்ரன் துறைமுகத்தில் இன்று தங்கமீன்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகி, அடிமண்ணைக் கிளறி, அங்கே இயல்பாக வாழும் மீன்களின் இடத்தைப் பறிக்கின்றன. அவற்றின் மூதாதைகள் யாரோ ஒருவரின் வீட்டுத் தொட்டியில் இருந்தவை.

நவராத்திரிக்குள் வலை

நாள்காட்டியில் குறித்துவைக்க எளிதாக நான் நம் பண்டிகைகளையே அடையாளமாகக் கொள்கிறேன். கொலு வைக்கும் நாள்களில் குளத்துக்கு மேல் வலை கட்டியிருக்க வேண்டும். மரங்கள் அப்போது இன்னும் பச்சையாகவே நிற்கும்; அவசரமில்லை என்று தோன்றும். ஒரே ஒரு காற்று நாள் போதும், ஒரு சாக்குச் சருகு குளத்துக்குள் போய்விடும். இங்கே தெருவோரங்களில் மிகுதியாக நிற்கும் நோர்வே மேப்பிள் மற்ற மரங்களெல்லாம் உதிர்த்து முடித்த பிறகு, நவம்பரிலும் இலை கொட்டும். ஆகவே தீபாவளி முடிந்தவுடன் வலையை அவிழ்த்துவிட வேண்டாம்.

வலையைத் தண்ணீரைத் தொடும்படி தொய்வாகப் போட்டால் நனைந்த சருகின் பாரத்தில் அது குளத்துக்குள்ளேயே இறங்கும். குளத்தின் குறுக்கே இரண்டு மூன்று மரச்சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் இழுத்துக் கட்டி, ஓரங்களைக் கல்லால் அழுத்துங்கள். வாரம் ஒருமுறை மேலே சேர்ந்ததை வாரிக் கொட்டுங்கள். இந்த வலைக்கு இன்னொரு பயனும் உண்டு. அல்லி இலைகள் கருகி மறைவு போனதும் மீன்கள் அப்பட்டமாகத் தெரியும். கொக்குக்கும் ரக்கூனுக்கும் அந்த வாரங்கள்தான் வேட்டைக்காலம். அடியில் இரண்டு முழ நீளத்தில் அகலமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கிடத்திவிட்டால் மீன்கள் அதற்குள் பதுங்கக் கற்றுக்கொள்ளும்.

சேறு, தண்ணீர், செடி

வலை கட்டுவதற்கு முன் ஒருநாள் முழுவதையும் சேற்றுக்கு ஒதுக்குங்கள். நீளப் பிடியுள்ள கைவலையால் அடியை மெதுவாக அள்ளி, கறுத்த சேற்றையும் ஊறிய சருகையும் வெளியே எடுங்கள். அள்ளியதை ஓர் அரைமணி நேரம் கரையிலேயே வைத்திருங்கள். அதில் சிக்கிய தவளைகளும் நீர்ப்பூச்சிகளும் தண்ணீருக்குத் திரும்பிவிடும். இங்குள்ள பச்சைத் தவளைகள் குளத்தின் அடியிலேயே குளிர்காலத்தைக் கழிப்பவை. கொஞ்சம் சேறு மிஞ்சினால் பாதகமில்லை. குளத்தை முழுவதும் இறைத்துத் தேய்த்துக் கழுவுவதுதான் தவறு. பல மாதங்கள் உழைத்து நிலைகொண்ட நல்ல பக்டீரியாக்களையும் அது சேர்த்துக் கழுவிவிடும்.

நாலில் ஒரு பங்குத் தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்பலாம். ஊரில் குழாய்த் தண்ணீரை ஒருநாள் வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும் என்று கேட்டிருப்பீர்கள். ரொறன்ரோ மாநகரத் தண்ணீரில் கலப்பது குளோரமீன். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த அது அப்படி எளிதில் ஆவியாகிப் போகாது. குளோரமீனையும் முறிக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்தையே வாங்கி, புதிதாக விடும் தண்ணீரின் அளவுக்கு ஏற்ப ஊற்றுங்கள்.

குளிர் தாங்கும் அல்லியின் இலைகளும் தண்டுகளும் மஞ்சளானதும், கிழங்குக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை விட்டு வெட்டிவிடுங்கள். சட்டியைக் குளத்தின் ஆழமான இடத்தில் இறக்கிவைத்தால் கிழங்கு உறையாது. ஆகாயத்தாமரையும் நீர்க்கோவாவும் முதல் உறைபனி இரவிலேயே கறுத்துக் கூழாகிவிடும். அவற்றை அதற்கு முன்பே அள்ளி உரக்குழியில் போடுங்கள். கரையோரக் கோரைப் புற்களை மட்டும் நான் வெட்டுவதில்லை. பொந்துள்ள அந்தத் தண்டுகள் பனிக்கட்டியைத் துளைத்துக்கொண்டு நிற்பதால் அவற்றைச் சுற்றிக் காற்று கொஞ்சம் போய்வரும் என்பார்கள். பெரிதாக நம்பியிருக்க முடியாவிட்டாலும், வெள்ளைப் பரப்பில் அவை நிற்பது கண்ணுக்கு அழகு.

தீனியை நிறுத்தும் நாள்

பத்து டொலருக்கு, தண்ணீரில் மூழ்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, ஒரு கயிற்றில் கட்டி, தண்ணீருக்குள் இரண்டடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். வெளியே என்ன குளிர் என்று கைத்தொலைபேசி காட்டும் எண் மீனுக்குப் பொருந்தாது.

தண்ணீர் 15 பாகைக்கு இறங்கியதும் புரதம் மிகுந்த வழக்கமான தீனியைக் குறைத்து, கோதுமை முளை சேர்ந்த இலேசான தீனிக்கு மாறுங்கள். 10 பாகைக்கு இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வசந்தம்வரை ஒன்றும் வேண்டாம்.

இந்த விதியைக் காப்பதுதான் நம் வீடுகளில் மிகக் கடினம். ஒரு நவம்பரில், இரண்டு நாள் திடீரென வெயில் அடித்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. அம்மா சமையலறை ஜன்னல் வழியே அதைப் பார்த்திருக்கிறார். நான் வேலையிலிருந்து வந்தபோது குளத்துக்குள் கரையோரமாக ஆழமின்றி இருக்கும் மேற்படியில் சோற்றுப் பருக்கைகள் வெள்ளையாகக் கிடந்தன. ஒரு கிழமையாக நான் மீன்களைப் பட்டினி போடுகிறேன் என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவருக்கு எந்த உயிரிடத்திலும் முடியாத காரியம். மீனின் குடல் இயங்குவது தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது என்று விளக்கினேன். இன்று விழுங்கிய தீனி, நாளை மறுநாள் குளிர் திரும்பியதும் செரிக்காமல் வயிற்றுக்குள் தங்கி மீனையே நோயாக்கிவிடும். தின்னாமல் விட்ட மிச்சமோ அடியில் அழுகும். அம்மா கேட்டுவிட்டு, கோடையில் அது நன்றாகத் தின்றதா என்று மட்டும் கேட்டார். தின்றது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தின்று சேர்த்த கொழுப்பில்தான் அது ஐந்து மாதம் வாழ்கிறது. ஊட்ட விரும்புகிறவர்கள் அந்த இரண்டு மாதங்களில் ஊட்டுங்கள்.

பம்பையும் அருவியையும் நிறுத்துதல்

குளிர்காலத்திலும் அருவி ஓடினால் அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அருவியின் பாதையில் பனிக்கட்டி அணைபோலக் கட்டி, தண்ணீரைக் கரைக்கு வெளியே திருப்பிவிடும். இரவோடு இரவாகக் குளத்தின் பாதித் தண்ணீர் புல்தரைக்குப் போய்விடலாம். அத்துடன் பம்ப் அடித்தண்ணீரை மேலே இழுத்துக் குளிர்ந்த காற்றில் கொட்டி, மீன்களின் 4 பாகைப் படுக்கையைக் குலைத்துவிடும். புதியவர்கள் நிறுத்திவிடுவதே நல்லது.

இரவுகள் தொடர்ந்து உறைநிலைக்கு இறங்கத் தொடங்கும் முன், பம்பை வெளியே எடுத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பிய வாளியில் மூழ்கவைத்து நிலவறையில் வைத்துவிடுங்கள். உலர்ந்தால் அதன் இரப்பர் வளையங்கள் வெடித்துவிடும். குழாய்களில் ஒரு சொட்டும் இல்லாமல் வடித்துவிடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். அந்த விரிவு தாங்காமல்தான் வடிகட்டியின் உடலும் குழாய் மூட்டும் பிளக்கின்றன. புறஊதா விளக்கு இருந்தால் அதன் கண்ணாடி உறையோடு கழற்றி உள்ளே எடுத்துவிடுங்கள்.

கொங்கிரீட் சுவருள்ள குளம் என்றால் இரண்டு மூன்று பந்துகளை மிதக்கவிடுங்கள். பனிக்கட்டி பக்கவாட்டில் தள்ளும் அழுத்தத்தில் ஒரு பகுதியை அவை வாங்கிக்கொள்ளும்.

துளை: ஹீற்றரும் காற்றுப் பம்பும்

கார்த்திகை விளக்கீடு வரும்போது துளைக்கான ஏற்பாடு குளத்தில் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. இரண்டையும் சேர்த்து வைப்பவன் நான்.

மிதக்கும் ஹீற்றரின் வேலை குளத்தைச் சூடாக்குவது அன்று. தன்னைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குப் பனிக்கட்டி பிடிக்காமல் வைத்திருந்தால் போதும். கடையில் 1500 வாட் ஹீற்றரைத்தான் முன்னால் அடுக்கிவைத்திருப்பார்கள். அது ஓய்வின்றி எரிந்தால் ஒரு நாளைக்கு 36 யூனிட் மின்சாரம், முப்பது நாளில் 1080 யூனிட். 100 வாட் ஹீற்றர் அதே முப்பது நாளில் எடுப்பது 72 யூனிட். ரொறன்ரோவின் குளிருக்கு, சிறு குளத்தில், காப்புறை உள்ள 100 முதல் 300 வாட் ஹீற்றர் எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. குளிர் இன்னும் கடுமையான ஒட்டாவா, சட்பரி பக்கம் இருப்பவர்கள் ஒரு படி கூடுதலாக வாங்குங்கள்.

ஹீற்றரிலேயே வெப்பக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், அதைச் செருகும் இடத்தில் வெப்பமறிந்து இயங்கும் சிறு பிளக் ஒன்றைப் பொருத்தலாம். காற்றின் குளிர் 2 பாகைக்கு அருகே இறங்கும்போது மின்சாரத்தை விட்டு, 7 பாகைக்கு ஏறியதும் நிறுத்திவிடும் வகை அது. மழைபெய்யும் டிசம்பர் நாள்களில் இது பணத்தைக் காப்பாற்றும்.

காற்றுப் பம்ப் மிகக் குறைவான மின்சாரம் எடுப்பது. 10 வாட் என்றால் மாதத்துக்கு 7 யூனிட்தான். குமிழிகள் தண்ணீரை அசைப்பதால் துளை மூடாமல் இருக்கும். கெட்ட வாயு வெளியேறி ஒட்சிசன் உள்ளே வரும். கழித்தல் 15 பாகைக்குக் கீழே போகும் இரவுகளில் அதன்மேல் பனிக்கட்டி கூரைபோல வளைந்து மூடுவதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் ஹீற்றரும் கூடவே வேண்டும் என்கிறேன். குமிழி வரும் கல்லைக் குளத்தின் அடியில் வைக்காதீர்கள். அது அடியிலுள்ள 4 பாகைத் தண்ணீரை மேலே தள்ளி, மேலே உறையும் தறுவாயில் உள்ளதைக் கீழே இறக்கிவிடும். மேலிருந்து ஓர் அடி ஆழத்தில், மீன்கள் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி, தொங்கவிடுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்து ஒரு பெட்டியால் மூடுங்கள். மின்சாரம் நின்றால் தண்ணீர் குழாய் வழியே திரும்பிப் பம்புக்குள் ஏறிவிடக் கூடாது.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வெளிப்புறத்துக்கென்று செய்த வயரையே பயன்படுத்துங்கள். கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ செருகுமிடத்தில் மட்டும் இணையுங்கள். அது வீட்டின் வெளிச்சுவரில் இல்லாவிட்டால் மின்பணியாளரை அழைத்துப் பொருத்திவிட்டுத்தான் மற்ற வேலை. தண்ணீருக்குள் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கைவையுங்கள்.

பொங்கல் வாரம்

தைப்பொங்கல் வரும் ஜனவரி நடுப்பகுதியில் இங்கே குளிர் உச்சத்தை நெருங்கிவிடும். இந்த மாதங்களில் செய்ய வேண்டியது காலையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது. துளை திறந்திருக்கிறதா, குமிழி வருகிறதா, ஹீற்றரின் வயரை அணில் கடித்திருக்கிறதா. இரண்டு நிமிடம் போதும். பனிக்கட்டியின்மேல் வெண்பனி கனமாக விழுந்திருந்தால் ஒரு பகுதியை மட்டும் துடைப்பத்தால் ஒதுக்குங்கள். அடியிலுள்ள செடிக்கும் பாசிக்கும் கொஞ்சம் ஒளி கிடைத்தால் அவை ஒட்சிசன் தரும். வாகனப் பாதைக்குத் தூவும் உப்பு குளத்தின் பக்கம் வரக் கூடாது. உப்புக் கலந்த வெண்பனியைக் குளத்தருகே குவிக்கவும் வேண்டாம்.

துளை மூடிவிட்டால் பதறிக் கோடரியைத் தூக்காதீர்கள். பனிக்கட்டியில் விழும் அடியின் அதிர்வு தண்ணீர் வழியே நேராக மீனுக்குப் போகும். கொதிநீரை மேலே ஊற்றுவதும் பயனற்றது. ஊற்றியது சற்று நேரத்தில் உறைந்து பனிக்கட்டியின் தடிப்பைக் கூட்டும்.

நான் செய்வது இது. பழைய அலுமினியச் சட்டி ஒன்றின் இரு காதுகளிலும் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் ஒரு கல்லில் சுற்றிவிடுவேன். கயிறு கட்டாத முதல் சட்டி குளத்தின் அடிக்குப் போய், ஏப்ரலில்தான் கிடைத்தது. கேத்திலில் கொதித்த தண்ணீரைச் சட்டியில் நிரப்பி, மூடியைப் போட்டு, பனிக்கட்டியின்மேல் வைப்பேன். சட்டி சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தண்ணீர் ஆறியதும் மறுபடி நிரப்ப வேண்டும். நான்கு விரல் தடிப்புக்கு மூன்று நான்கு முறையாவது ஆகும். ஒரு மாலை அப்படித் திறந்த வட்டத்தினூடே டோர்ச் அடித்துப் பார்த்தேன். தெளிந்த கறுப்புத் தண்ணீருக்கு அடியில் ஆறு தங்கமீன்களும் ஒரே திசையைப் பார்த்தபடி, வயிறு தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன. வெளிச்சம் பட்டதும் ஒன்றும் ஓடவில்லை. ஒன்றின் மார்புத் துடுப்பு மட்டும் ஒருமுறை விரிந்து மடிந்தது. அடுத்த அசைவுக்கு நான் எண்ணிக்கொண்டே காத்திருந்தேன். நாற்பதுக்கு மேல் போயிற்று. டோர்ச்சை அணைத்துவிட்டு உள்ளே வந்தேன். தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல இருந்தது.

தங்கமீனின் பொறுமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. ஒட்சிசன் அற்றுப்போகும்போது உடலில் சேரும் இலக்ரிக் அமிலத்தை அது மதுசாரமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். முதுகெலும்புள்ள உயிர்களில் இது மிக அரிது. அந்தத் திறன் அதற்கு நேரத்தை வாங்கித் தருகிறதே தவிர, அழுகல் வாயுவிலிருந்து காப்பதில்லை.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் குளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்துவிடுங்கள். ஹீற்றரும் குமிழியும் இருக்கும் குளத்தின் பனிக்கட்டி எங்கே மெலிந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

மின்சாரம் நின்றால்

2013 டிசம்பர் 21ஆம் தேதி இரவு தொடங்கிய பனிக்கட்டி மழையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரக்கிளைகள் கண்ணாடிபோல உறைந்து முறிந்து கம்பிகள்மேல் விழுந்தன. ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் மின்இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகளுக்கு நத்தார் கழிந்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. அப்போது குளத்தை நினைக்க யாருக்கும் நேரமிருக்காது, நினைக்கவும் வேண்டியதில்லை. இலையுதிர்காலத்தில் சேறு எடுத்த குளம் இரண்டு மூன்று நாள் மூடிக் கிடந்தாலும் தாங்கும். எரிவாயு அடுப்பு இருந்தால் நாளுக்கு ஒருமுறை சட்டி வைத்தியம் செய்யுங்கள். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் ஒன்றை, தூண்டில்காரர்கள் உயிர்இரை வாளிக்குப் பயன்படுத்துவது, முன்கூட்டியே வாங்கிவைத்தால் இன்னும் நிம்மதி.

சித்திரையை ஒட்டி

மார்ச் கடைசியில் பனிக்கட்டி தானாக உருகட்டும். உடைத்து அவசரப்படுத்த வேண்டாம். உருகிய வெண்பனித் தண்ணீர் புல்தரை உரத்தையும் தெரு உப்பையும் சுமந்துகொண்டு குளத்துக்குள் ஓடாதபடி கரையைச் சற்று உயர்த்திவையுங்கள். வலையால் குளிர்கால மிச்சத்தை அள்ளியதும், பம்பையும் வடிகட்டியையும் பூட்டி ஓடவிடலாம்.

வசந்தத்தைத்தான் நான் குளிர்காலத்தைவிட அதிகம் கவனிக்கிறேன். மீன் மெலிந்து, நோய் எதிர்க்கும் வலிமை குன்றி எழும் காலம் அது. கிருமிகளோ அதற்கு முன்பே விழித்துவிடும். புண், சிதைந்த துடுப்பு, கரையில் தனியே ஒதுங்குதல், இவற்றில் ஏதாவது தெரிந்தால் அந்த மீனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். சித்திரைப் புத்தாண்டன்று வெயில் நன்றாக அடித்து, மீன்கள் மேலே வந்து வாயைக் காட்டும். வெப்பமானியைப் பாருங்கள். தண்ணீர் ஒரு கிழமை தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நின்ற பிறகுதான் கோதுமை முளைத் தீனி, அதுவும் ஒரு சிட்டிகை. வடிகட்டியின் பக்டீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும் என்பதால் முதல் வாரங்களில் அமோனியாவை ஒன்றிரண்டு முறை சோதித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இப்போது வெப்பமானி பார்க்கத் தெரியும். எனக்கு முன்பே அவர் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

அல்லிச் சட்டியை மே மாதத்தில் மேற்படிக்கு ஏற்றுங்கள். ஹீற்றரில் படிந்த சுண்ணாம்பை வினாகிரியால் துடைத்து உலர்த்துங்கள். வலையை உதறிக் கழுவி, கிழிந்த இடத்தை அப்போதே தைத்து, செப்டம்பரில் கைக்கு எட்டும் தட்டில் வைத்துவிடுங்கள்.